வேரோடு நிற்கும் சுரை

ஓம் என்று சொன்னது தவமலர்தான். யாரும் அவளுடைய கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ரிவ்கா சிரித்துக்கொண்டு கேட்டாள், இவளும் சிரித்துக்கொண்டு ஓம் என்றாள், அவ்வளவுதான் நடந்தது. இப்போது கவிழ்த்துப்போட்ட வாளியில் குந்திக்கொண்டு, ரிவ்கா தந்துவிட்டுப்போன கொப்பு வெட்டும் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு, மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக ஒரு பின்னேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மேலே பந்தல் முழுக்கச் சுரை இலை, இலைகளுக்கு நடுவில் பழைய சேலைத் துண்டால் தாங்கிக் கட்டிய ஒரேயொரு காய். கீழே, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், அத்தனை கொடிக்கும் ஒற்றை அடித்தண்டு, பெருவிரல் மொத்தம். அதை வெட்டவேண்டும். பொழுதுபட்டால் யூதர்களுடைய சுக்கோத் பண்டிகை தொடங்குகிறது. அதற்குள் ரிவ்காவும் அவளுடைய ஆட்களும் வந்து, பந்தலைச் சுற்றித் துணி கட்டிக் குடிலாக்கி, ஏழு நாளும் அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். தண்டை வெட்டினால்தான் அவர்கள் அதற்குக் கீழே இருக்கலாம். தண்டை வெட்டினால் அந்தக் காய் விதையாகாது. இரண்டு வசனம்தான், சின்னப்பிள்ளைக்கும் விளங்கும், ஆனால் தவமலரின் தலைக்குள் இரண்டும் செக்குமாடுபோலச் சுற்றிக்கொண்டேயிருந்தன.

இது ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூதக் கோயிலின் பின்வளவு. தவமலர் அதைக் கோயில் என்றுதான் சொல்லுவாள், கும்பிடுகிற இடத்துக்கு வேறென்ன பெயர். கார் நிறுத்துகிற இடத்தில் பாதியை உடைத்து, மண் கொட்டிப் பொதுத்தோட்டமாக்கி, அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சாதி சமயம் பாராமல் ஆளுக்கொரு பாத்தி கொடுத்திருந்தார்கள். தோட்டத்துக்குப் பொறுப்பு ரிவ்கா. மருந்துக்கடையில் வேலை, நாற்பது சொச்சம் வயது, அவள் நடப்பதே மற்றவர்களுக்கு ஓட்டம். பேசுவது என்னவோ இங்கிலிஷ்தான், ஆனால் தவமலரின் காதுக்குள் இறங்கும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகி, இணுவில் பக்கத்து மச்சாள் ஒருத்தி வேலியால் எட்டிப் பேசுவதுபோல விழும். ஆவணியில் அடித்த புயற்காற்றுக்கு மேப்பிள் மரம் முறிந்து அவர்களுடைய பழைய குடிலின் மரச்சட்டத்தின்மேல் விழுந்து அதை நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து ரிவ்கா இந்தப் பந்தலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "தவா, இது குடிலேதானே! சுவர் மட்டும்தான் இல்லை. இந்தமுறை நாங்கள் இதுக்குக் கீழ இருக்கட்டோ?" என்று கேட்டாள். தவமலருக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்துபோயிற்று. இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில், இதைச் செய், அதைத் தூக்கு என்று சொன்னவர்கள் கணக்கில்லை, உன்னுடையது வடிவாயிருக்கிறது, அதில் கொஞ்சம் இருக்கட்டுமா என்று கேட்டவர் ஒருவருமில்லை. அன்றைக்குச் சொன்ன ஓம் நல்ல ஓம். அதில் அவளுக்கு இன்றைக்கும் மறுப்பில்லை.

பிழைத்தது போன கிழமை சொன்ன இரண்டாவது ஓம். கோயில் பெரியவர் செல்மன் பந்தலைப் பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொடியின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனவர், பீப்பாய்க்குப் பின்னால் குனிந்து, வேரைக் கண்டதும் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். கூரைக்குப் போடுவது மண்ணில் முளைத்ததாக இருக்கவேண்டுமாம், ஆனால் மண்ணோடு ஒட்டி நிற்கக் கூடாதாம். ரிவ்காவுக்கே அது மறந்துபோயிருந்தது, தலையில் அடித்துக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை, கொடியை அடியில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு கிளையையும் ஒருமுறை தூக்கி மறுபடி வைத்தால் சரி, தானாகப் படர்ந்தது அப்போது நாங்கள் கையால் போட்ட கூரையாகிவிடும் என்றார் செல்மன். அவர்களுடைய பழைய சட்டப் புத்தகத்தில் திராட்சைக்கொடியோடு சேர்த்துச் சுரைக்கொடியையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று எங்கட சனம் சொல்லும், இவர்களுடைய ஏட்டுச் சுரைக்காய் என்னுடைய சுரைக்காயையே வெட்ட வந்திருக்கிறது பார் என்று தவமலருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் ரிவ்கா கேட்டாள், "குளிர் வரப்போகுது. இந்தக் கொடி முடிஞ்சுதுதானே, தவா?" என்று. கேட்டவள்மேல் பிழையில்லை. எல்லாப் பாத்தியிலும் கொடி பிடுங்கிக் குப்பையில் போடுகிற காலம் அது. "ஓம், முடிஞ்சுது" என்றாள் தவமலர். பச்சைப் பொய். "அப்ப நீரே வெட்டும். உம்மட கொடியில நாங்கள் கைவைக்கிறது முறையில்லை" என்று ரிவ்கா தன்னுடைய கத்தரியைக் கையில் தந்தாள். அந்த மரியாதைதான் இன்னும் கொல்லுகிறது.

கொடி முடியவில்லை. காய் முற்ற இன்னும் இரண்டு மூன்று கிழமை வேண்டும். எழுந்து, சேலைத் துண்டை விலக்கி, காயின் கழுத்தில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள். ஏறவில்லை, நல்லது. வயிற்றுப் பக்கம் அழுத்தினாள். நகம் பிறைபோல ஒரு அடையாளம் வைத்தது. காலையிலிருந்து வைத்த அடையாளங்கள் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. பாவம் அந்தக் காய், பொன்னுக்கு உரைகல் பார்க்கிறமாதிரி ஆளைப் பிறாண்டி வைத்திருக்கிறாள். வயிறு முற்றாவிட்டால் விதை வெறும் சப்பட்டைதான், போட்டால் முளைக்காது. முதலில் தமிழ்க்கடையில் வாங்கிய விதை இந்தக் குளிர்நாட்டில் இலையாக விட்டுக்கொண்டேயிருந்தது, பிஞ்சு பிடிக்கும்போது பனி கொட்டிவிட்டது. அந்த முதல் வருஷம் ஒரேயொரு கொடி மட்டும் மற்றவற்றை முந்திக் காய்த்தது. அதை விதைக்கு விட்டாள். அடுத்த வருஷம் அதிலும் முந்தினதை. அதற்கடுத்த வருஷம் அதிலும் முந்தினதை. பின்னேரம் வேலைவிட்டு வந்து, வெள்ளைப் பூக்கள் விரிகிற நேரம் பார்த்து, ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தன்கையால் தடவி, கட்டுப்போட்டு, வருஷம் வருஷமாக அந்தச் சுரைக்கு இந்த நாட்டின் கோடையைப் பழக்கினாள். இப்போது இது கோடை உச்சத்தில் நிற்கும்போதே காய்க்கிறது. இப்படி ஒரு சுரை வேறெங்கும் இல்லை. பிள்ளையில்லாதவள் சுரைக்காயைப் பிள்ளையாக்கிக்கொண்டாள் என்று மச்சாள்மார் சொல்லுவார்கள். பிழை. பிள்ளை வேறு, சுரைக்காய் வேறு, அவளுக்கு அந்த வித்தியாசம் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இது அவள் செய்த வேலை. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை, அதற்குக் குறையவும் இல்லை.

அவ்வளவு அருமையானது என்றால் விதையைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்தானே? வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் ஓம் என்று அள்ளிக் கொடுத்தாள். வாங்கினவர்கள் எல்லாரும் காயைப் பிஞ்சிலேயே கறிவைத்துச் சாப்பிட்டார்கள், ஒருவர்கூட ஒரு காயை முற்றவிடவில்லை. மிச்சத்தைப் பிஸ்கட் ரின்னில் போட்டுப் பல்கனியில் வைத்தாள், மூடி சரியாக இறுகவில்லை, பனிக்காலத்தில் கறுத்த அணில் வந்து நடத்திய கலியாண விருந்தில் தப்பியது ஒரு பிடி. அதில் முளைத்தது இந்த ஒன்று. இதில் முந்திக் காய்த்ததையும் அணில் கடித்து அழுகவைத்தது, அதே அணிலோ அதன் தம்பியோ. பிறகு பிடித்ததில் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் துணி கட்டினாள். மற்றப் பிஞ்சுகள் போனவழி தெரியாது. ஒன்றை ரிவ்காவே கொண்டுபோனாள், அவர்களுடைய வருஷப் பிறப்புக்கு மேசையில் சுரைக்காய் வைக்கிற வழக்கமாம், அதற்குப் பதிலாகத் தேன் கேக் வந்தது. நல்ல கேக். இந்த யோசனை ஏன் கேக்கில் போய் நிற்கிறது? காய் விதையாகவேண்டும். வெட்டினாலும் காய்க்குள்ளே மிச்ச விதை முற்றாதா? முற்றலாம். முற்றாமலும் விடலாம். வெட்டாமல் விட்டு நாளைக்கே பனி கொட்டினால்? அதுவும் நடக்கலாம். அப்படி நடந்தால் கூட்டாளி ரிவ்காவும் போய்ச் சுரையும் போய், இரண்டும் கெட்டானாக நிற்பாள்.

ஃபோன் அடித்தது. புருஷன் குகதாசன். பார்சல் வான் ஓட்டுகிற ஆள், தேத்தண்ணி நேரத்தில் எடுத்துப் பேசுவார்.

"என்ன செய்யிறீர்?"

"சும்மா இருக்கிறன்."

"வெட்டியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப வேண்டாமெண்டு சொல்லும்."

"என்னெண்டப்பா சொல்லுறது? இண்டைக்குப் பொழுதுபடத் தொடக்கம். இனி வேற இடத்துக்கு எங்க போவினம்?"

"அப்ப வெட்டும்."

"வெட்டினா விதை போயிடும்."

"இஞ்சேரும், ஒண்டில் வெட்டும், இல்லையெண்டால் வெட்டாதையும். ஒரு சுரைக்காய்க்கு ஒரு கிழமையாச் சாமத்தில எழும்பியிருந்து கூரையைப் பாக்கிறீர். எனக்கும் நித்திரையில்லை."

"நீங்கள் குறட்டை விட்டது எனக்குக் கேட்டது."

"அது கவலைக் குறட்டை," என்று சொல்லிவிட்டு வைத்தார் மனுசன்.

அந்த ஆளுக்குச் சொன்னதும் ஓம்தான். கலியாணத்துக்குப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள், படத்தில் மீசை மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது, ஓம் என்றாள். அந்த ஒன்று பிழைக்கவில்லை. மற்றவை? ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமையும் வரமுடியுமா என்றார்கள், ஓம். மச்சாள் தையல் மெசினைக் கொண்டுபோகட்டா என்றாள், ஓம், போன மெசின் திரும்பவில்லை. மேல்வீட்டுப் பெட்டை குழந்தையைக் கொஞ்சநேரம் வைத்திருங்கோ அன்ரி என்றாள், ஓம், அந்தக் கொஞ்சநேரம் அது பள்ளிக்கூடம் போகுமட்டும் நீண்டது. ஏன் இப்படி? வாய் தானாகத் திறக்கிறது. அவள் ஊரில், யுத்த காலத்தில் நின்ற அந்தச் சோதனைச் சாவடியை நினைக்க விரும்பவில்லை, ஆனால் நினைவு என்ன கேட்டுக்கொண்டா வரும். வெயில். வரிசை. முன்னால் நின்ற பெடியனிடம் ஆமிக்காரன் ஏதோ கேட்டான், பெடியன் இல்லை என்றான், அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அடுத்தவரும் இல்லை என்றார், அவரும் ஓரத்துக்குப் போனார். தவமலரின் முறை வந்தது. ஓம் என்றாள். போகச் சொன்னான். அவன் என்ன கேட்டான் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. காது அடைத்திருந்தது. ஓரத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, கால் தன்பாட்டில் நடந்தது. அன்றைக்குப் பழகிய வாய் இன்னும் மாறவில்லை. இது ரொறன்ரோ. கேட்பவள் மருந்துக்கடை ரிவ்கா. அவள் யாரை ஓரத்தில் நிறுத்தப்போகிறாள்? ஆனாலும் நெஞ்சுக்குழியில் அதே வெயில்.

வெயில் உண்மையில் இதமாகத்தான் இருந்தது. இலைகளுக்குள்ளால் விழுந்து கையில் பொட்டுப்பொட்டாக அசைந்தது. யாரோ புதினாவை வெட்டிப்போட்டிருந்தார்கள், வாசம் வந்தது. ரிவ்காவின் ஆட்களுடைய வழக்கங்களில் இவளுக்குப் பிடித்தது பல. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு மூலையை அறுக்காமல் வழிப்போக்கருக்கு விடவேண்டும் என்பது இந்தத் தோட்டத்துச் சட்டம், அவர்களுடைய வேதத்தில் வயலுக்குச் சொன்னதாம். தவமலர் தன் மூலையில் கொச்சி மிளகாய் நட்டாள். ஒரு வழிப்போக்கன் ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலையை விட்டான், அதோடு அந்த மூலைக்கு ஒருவரும் வருவதில்லை, மூலையென்னவோ வஞ்சகமில்லாமல் காய்த்துக்கொண்டிருக்கிறது. போன சுக்கோத்துக்கு ரிவ்கா ஒரு பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குள் வைத்திருந்த மஞ்சள் பழத்தை மணந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தால் நாரத்தங்காய்! ஏழு நாளும் ஓலையோடு சேர்த்துக் கையில் பிடித்துக் கும்பிடுகிறார்கள், மணக்கிறார்கள், ஒருவருக்காவது ஊறுகாய் போடத் தோன்றவில்லை. பண்டிகை முடிந்ததும் தவமலர் வாங்கிப்போய் உப்பில் போட்டுக் கொடுத்தாள். ரிவ்கா போத்தலோடு நின்று சாப்பிட்டுவிட்டுக் கண்கலங்கியது உறைப்பிலா அன்பிலா என்று தெரியவில்லை. மண்ணில் முளைத்ததாக இருக்கவேண்டும், மண்ணோடு ஒட்டி நிற்கக் கூடாது. தங்கள் முன்னோர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்து அந்தக் குடிலில் இருக்கிறார்களாம். தவமலருக்கு ஊரைவிட்டு ஓடித் தறப்பாள் கொட்டிலில் இருந்தது நினைவிருக்கிறது, அதை நினைக்க அவள் ஒரு பண்டிகை வைக்கமாட்டாள், ஆனால் வைக்கிறவர்களை அவளுக்கு விளங்குகிறது. வேரை விட்டுவந்து இன்னொருத்தருக்கு நிழலாக நிற்கிற இலை. அது என்னைப்போலத்தானே என்று ஒரு யோசனை ஓடியது, உடனே அதைப் பார்த்து அவளே முகம் சுளித்தாள். போதும், சுரைக்காயைப் பற்றி யோசி.

அப்போதுதான் அந்தக் கள்ள யோசனை வந்தது. வேர் பீப்பாய்க்குப் பின்னால் இருக்கிறது. வைக்கோலை அள்ளி மூடிவிட்டு, வெட்டியாச்சு என்று சொன்னால் யார் பார்க்கப்போகிறார்கள்? செல்மனால் ஒருமுறைக்குமேல் குனிய முடியாது. ரிவ்கா சொன்னதை நம்புகிறவள். கொடியைத் தூக்கி வைப்பார்கள், அது கொடிக்கு ஒன்றும் செய்யாது, காயை மட்டும் அவள் பிடித்துக்கொள்ளலாம். ஏழு நாள் கழிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சுரையும் மிஞ்சும், கூட்டாளியும் மிஞ்சுவாள். ஒரேயொரு சிக்கல், வெட்டிய கொடி மூன்றாம் நாள் வாடவேண்டும், இது வாடாது. வாடாத இலையைப் பார்த்து அற்புதம் என்பார்கள். பத்திரிகைக்காரன் வருவான். தவமலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாளி ஆடியது. சிரிப்பு அடங்கியதும் ரிவ்கா தெரிந்தாள். வெள்ளிப் பின்னேரங்களில் மெழுகுதிரி கொளுத்திக் கண்ணை இரண்டு கையாலும் பொத்தித் தொழுவாளே, அந்த ரிவ்கா. பொத்திய கைகளோடு அவள் இந்தப் பொய்க்குக் கீழே நிற்பாள். முடியாது. அது முடியவே முடியாது. முள்ளில் விழுந்த சேலையை மெல்லத்தான் எடுக்கவேண்டும், சரி, ஆனால் இந்தச் சேலையை எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிகிறதே.

அப்படியென்றால் வெட்டு. எழுந்துபோய்ப் பீப்பாய்க்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள். தண்டு சொரசொரவென்று மயிர் விட்டு, மண்ணில் முறுகி இறங்கியிருந்தது. கத்தரியை விரித்துத் தண்டைச் சுற்றி வைத்தாள். இரும்பு குளிர்ந்தது. ஒரு அமத்து, அவ்வளவுதான். காலமை ஊற்றிய தண்ணீர் இந்த நேரம் தண்டுக்குள்ளால் ஏறிக்கொண்டிருக்கும், பந்தல் முழுக்கப் போய், அந்தக் காயின் வயிற்றுக்குள்ளும் போகும். கை அமத்தவில்லை. வெட்டமாட்டேன் என்று அவள் முடிவெடுத்ததாகச் சொன்னால் அது புளுகு, அவள் முடிவெடுக்கவேயில்லை. கை நின்றது. விரித்த கத்தரியோடு எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, முழங்கால் மரத்துப்போனது. தோட்டத்துக் கதவு கிறீச்சிட்டது, ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டது. அவசரமாக எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு பந்தலுக்குள் வந்து நின்றாள்.

முன்னால் ரிவ்கா, இரண்டு கையாலும் அணைத்த தேவதாருக் கொப்புகளோடு. பின்னால் செல்மன், துணிச் சுருளோடு. அவருக்குப் பின்னால் வேட்டையாடப் போகிற கூட்டம்போலக் கம்பு தூக்கிய நாலைந்து பேர்.

"வெட்டியாச்சோ?" என்றாள் ரிவ்கா, கொப்புகளுக்கு மேலால் முகத்தை நீட்டி.

ஓம் தொண்டைக்குள் ஏறி வந்தது. வழக்கமான வழியில், வழக்கமான வேகத்தில். தவமலர் வாயை மூடிக்கொண்டாள். மூக்கால் மூச்சு விட்டாள்.

"இல்லை."

"கத்தரி வெட்டேல்லையோ? தாரும், நான்..."

"கத்தரி நல்லா வெட்டும். நான்தான் வெட்டேல்லை. வெட்டவும் மாட்டன்."

அவளை யாரும் ஓரத்தில் போய் நிற்கச் சொல்லவில்லை. ரிவ்கா கொப்புகளைக் கீழே போட்டாள்.

"முடிஞ்சுதெண்டு சொன்னீரே?"

"பொய் சொன்னனான்."

பிறகு சொன்னாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலிஷில், முந்திக் காய்த்ததையும், அணிலையும், நகத்தையும், மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான் என்பதையும், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். ரிவ்கா வாளியில் ஏறி நின்று காயைப் பார்த்தாள். தொடவில்லை. நக அடையாளங்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"நீர் வெட்டியிருந்தீரெண்டால்?"

"வெட்டியிருந்தால் நீங்கள் எல்லாரும் இருந்து சந்தோசமாச் சாப்பிட்டிருப்பீங்கள்."

"ஏழு நாள்!" ரிவ்காவின் குரல் உயர்ந்து, நடுவில் உடைந்தது. "ஏழு நாளும் நீர் பாடுபட்டுச் செய்ததின்ர பிணத்துக்குக் கீழ இருந்து சாப்பிட்டுக்கொண்டு, தவா எவ்வளவு நல்ல மனுசி எண்டு வாறவை எல்லாருக்கும் சொல்லியிருப்பன். மனமில்லாமத் தந்ததுக்குக் கீழ நான் என்னெண்டு தொழுவன்? என்னை என்னெண்டு நினைச்சீர்? என்னோட சண்டை பிடிச்சிருக்கலாம்தானே! எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

தன்னுடைய ஓம் ஒரு கொடை என்றுதான் தவமலர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள், தன் கையில் குறைந்தாலும் மற்றவர் கையில் கூடுகிற ஒன்று. அது கேட்டவளை ஏமாற்றுகிற வேலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சண்டை பிடிப்பது உரிமையுள்ளவர்களோடு. அந்நியரோடு சிரிப்பதுதான் முறை. பார்த்தால் இவள் ரிவ்காவோடு இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள் எங்கிருந்தோ ஒரு பெரிய சந்தோசமும் வந்தது, அதை எந்த முகத்தோடு காட்டுவது என்று தெரியாமல் மூக்கைச் சீறினாள்.

செல்மன் நடந்ததை ரிவ்காவிடம் தங்கள் மொழியில் கேட்டறிந்து, தாடியைச் சொறிந்து, வெயில் சாய்ந்ததைக் காட்டினார். கம்பு இருக்கிறது, கொப்பு இருக்கிறது, பந்தலை விட்டுத் தள்ளி, மேலே வானம் மட்டும் இருக்கிற இடமாகப் பார்த்துப் புதுக் குடில் போடவேண்டும், அழுகிறதென்றால் பண்டிகைக்குப் பிறகு அழலாம் என்றார். தேவதாருக் கொப்பு கூரைக்குக் காணாது. தவமலர் பீப்பாயடியில் போட்ட கத்தரியை எடுத்துக்கொண்டு தன் பாத்திக்குள் இறங்கினாள். முற்றிக் காய்ந்த சோளத்தட்டையை வெட்டினாள். தலை கவிழ்ந்த சூரியகாந்தியை வெட்டினாள். ஆளுயரம் வளர்ந்து நின்ற தண்டுக்கீரையை வெட்டினாள். எடுத்து எடுத்துப் பின்னால் எறிந்தாள், ஆட்கள் பொறுக்கிப் பொறுக்கிக் கூரையில் போட்டார்கள். "இதுவும் முடிஞ்சுதோ?" என்று ஒவ்வொன்றுக்கும் ரிவ்கா சந்தேகமாகக் கேட்டாள். "முடிஞ்சுது, முடிஞ்சுது, சத்தியமா முடிஞ்சுது," என்றாள் இவள். ஒருவரும் கேட்காமலே தக்காளிக் கம்புகளையும் தானாகப் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டாள். கை இரண்டும் சாறு பட்டுப் பிசுபிசுத்தது, நல்ல பச்சை மணம் மணத்தது. குடிலின் மூன்று மூலை எழும்பிவிட்டது. நாலாவது மூலைக்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு போன ரிவ்கா, இடம் பார்த்து, காலால் மண்ணைக் கிளறி, கம்பை ஓங்கினாள்.

"அதில ஊண்டாதையும்! கீழ வெந்தயம் போட்டிருக்கு, கண் தெரியேல்லையோ?"

கத்தியபிறகுதான் தான் கத்தியது தமிழில் என்று தவமலருக்கு உறைத்தது. ரிவ்கா கம்போடு திரும்பி நின்று பதிலுக்குக் கத்தினாள். அது இங்கிலிஷுமில்லை, ஒரு சொல்லும் தெரிந்ததாக இல்லை, ஆனால் முழுதும் விளங்கியது. வெந்தயத்துக்கு இருக்கிற இடம் மனுசருக்கு இல்லையோ என்பதுதான் அது, வேறென்ன. இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள். அவள் அதற்கொன்று சொன்னாள். செல்மன் சூரியனைக் காட்டி இரண்டு பேரையும் சேர்த்து ஏசினார். ரிவ்கா முணுமுணுத்துக்கொண்டே கம்பை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, சரியா என்று புருவத்தைத் தூக்கினாள்.

"இன்னும் தள்ளும்," என்றாள் தவமலர்.